இருபத்தாறு பிராக்கெட்டும் நைனாவின் பெயரும்

1

சென்ற சனிக்கிழமை எங்கள் வீட்டு வாசற்கதவுக்குப் பக்கத்துச் சுவரிலிருந்து ஓர் இரும்பு பிராக்கெட் பெயர்ந்து விழுந்தது. ஒன்பது வயது மகள் இனியா தன் ஸ்கேட்டிங் பையை அதில் மாட்டியிருந்தாள். சாவி மாட்டத்தான் அது, பை மாட்டாதே என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். நான் தமிழில் சொல்வதெல்லாம் அவளுக்கு மழைச்சத்தம் மாதிரி. காதில் விழும், நின்று கவனிக்க வேண்டியதில்லை.

விழுந்ததை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஆங்கில எழுத்துகள் குத்தியிருப்பதை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்க்கிறாள். ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்துவிட்டு, "தாத்தா பேரு" என்றாள். பிறகு வழக்கம்போல ஆங்கிலத்துக்குத் தாவி, இதைத் தாத்தாதான் செய்தாரா என்று கேட்டாள்.

அடுப்பில் பருப்பு பொங்குகிறது, அப்புறம் சொல்கிறேன் என்று உள்ளே போய்விட்டேன். பருப்பு பொங்கியது உண்மைதான், ஆனாலும் அது சாக்குதான். பதினோரு வருடமாக இந்தக் கதையை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. செஞ்சியில் இருக்கும் என் நைனாவிடம்கூடச் சொல்லவில்லை. அவருடைய பெயர் அதில் இருக்கிறது என்பதால்தான் சொல்லவில்லை. இன்றைக்கு நம் பக்கத்திலிருந்து மெக்கானிக்கல் படித்துவிட்டு வெளிநாட்டுக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது பயன்படும் என்று இதை எழுதுகிறேன். பயன்படாவிட்டாலும் எனக்கு மனசு லேசாகும்.

2

நான் கனடாவுக்கு வந்தது படிக்க. விழுப்புரத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பி.இ. முடித்துவிட்டு, ஒன்டாரியோவில் ஒரு சின்ன ஊர்க் கல்லூரியில் மேற்கொண்டு சேர்ந்தேன். அங்கே படிப்புக்கு நடுவில் கோ-ஆப் என்று ஒன்று உண்டு. நான்கு மாதம் வகுப்பு, நான்கு மாதம் ஏதாவது ஒரு தொழிற்சாலையில் வேலை. வேலை செய்யும் பதினாறு வாரமும் படிப்பில் சேர்த்தி. அந்த முதலாளி திருப்தியில்லை என்று எழுதிவிட்டால் அந்தப் பருவம் போச்சு, மறுபடி தேடவேண்டும்.

கோ-ஆப் கிடைத்திருக்கிறது என்று போனில் சொன்னதும் அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள், பெண்ணுக்குக் கூட்டுறவு சங்கத்தில் வேலை என்று. ரேஷன் கடைக்காரர், "கனடாவுலயும் ரேஷன் இருக்குதா?" என்று கேட்டாராம். நான் திருத்தவில்லை. எழுபத்து மூன்று இடத்துக்கு விண்ணப்பம் போட்டு ஒரே ஓர் இடத்திலிருந்து பதில் வந்தது என்பதை அம்மாவிடம் சொல்வதைவிட, கூட்டுறவு சங்கமாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

படிக்கும் அனுமதிச் சீட்டு இருந்தால் போதாது, கோ-ஆப் வேலைக்குத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். அது வருவதற்குள் வேலை தொடங்கும் நாள் வந்துவிடும்போல இருந்தது. தினமும் இணையதளத்தைத் திறந்து பார்ப்பேன். 'பரிசீலனையில்' என்று ஒரே வார்த்தை நிற்கும். வேலை தொடங்க மூன்று நாள் இருக்கும்போது வந்தது. அச்சடித்து, மூன்று நகல் எடுத்து, ஒன்றைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தேன். தீப்பிடித்தால் தலையணையும்தானே எரியும் என்று அப்போது தோன்றவில்லை.

என் பெயர் தேன்மொழி. நைனாவின் பெயர் ஏழுமலை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் எதையாவது நிரப்பவேண்டுமே என்று ஏழுமலையை நிரப்பியிருந்தார்கள். தொழிற்சாலையில் பேட்ஜ் அடித்தவர்கள் குடும்பப் பெயரை மட்டும் பெரிதாக அடித்துக் கொடுத்தார்கள். 'எலுமலாய்' என்று படித்து, ஒரு வாரத்தில் சுருக்கி 'எலு' ஆக்கிவிட்டார்கள். பெயர் தேன்மொழி என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். அது அவர்கள் வாயில் படும் பாட்டைப் பார்த்து எலுவே இருக்கட்டும் என்று விட்டேன். செஞ்சியில் நெல் மண்டியில் மூட்டை தூக்கும் என் நைனாவை எவனும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மரியாதையாகப் பேசி நான் கேட்டதில்லை. 'யோவ்' தான், மிஞ்சினால் 'டேய்'. இங்கே நாளைக்கு நாற்பது தடவை, "குட் மார்னிங் எலு", "தேங்க்யூ எலு" என்றார்கள். உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

3

பனி அள்ளும் லாரிகளின் முன்னால் பெரிய இரும்புப் பலகை இருக்கும். அதை லாரியோடு பிணைக்கும் பாகங்களைச் செய்யும் தொழிற்சாலை அது. என்னை மனுவேல் என்பவரோடு விட்டார்கள். போர்ச்சுகலிலிருந்து இருபது வயதில் வந்தவர், அப்போது ஐம்பத்தெட்டு. மில்லிங் மெஷினில் அவர் இரும்பைப் பிடித்து வைத்து அறுப்பார். முதல் துண்டு வந்ததும் நான் டிராயிங்கோடு ஒப்பிட்டு அளக்கவேண்டும். அளந்து சொல்வது மட்டும்தான் என் வேலை. மாணவி என்பதால் கையெழுத்து போடும் அதிகாரம் கிடையாது. சரிபார்த்தாயிற்று என்று மனுவேல்தான் வேலைச்சீட்டில் போடுவார்.

எங்கள் இருவருக்கும் மேலே கிரெக். அவரை நான் முதல் ஏழு வாரமும் 'சார்' என்றேன். வெறும் கிரெக் என்று கூப்பிடச் சொல்லிச் சொல்லி அவரே அலுத்துப்போய்விட்டார். அவர் விளக்கும்போது புரிகிறதோ இல்லையோ தலையை ஆட்டிவிடுவேன். நம் கல்லூரியில் இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டவன் உருப்பட்டதில்லை. கேட்காமல் தலையாட்டிவிட்டு, பக்கத்தில் இருப்பவனிடம் பிறகு கேட்டுக்கொள்வோம். இங்கே பக்கத்தில் யாரும் இல்லை.

என்னோடு அறையில் தங்கியிருந்த ஹர்ப்ரீத்தும் மெக்கானிக்கல்தான். அவளுடைய கோ-ஆப் ஒரு கிடங்கில் போல்ட் எண்ணுவது. பதினாறு வாரமும் எண்ணினாள். மாலையில் பஸ்ஸில் வரும்போதும் உதடு அசையும். நான் நிஜ மெஷின் முன்னால் நிற்கிறேன் என்று அவளுக்கு என்மேல் பொறாமை. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

4

ஒரு புதன்கிழமை கிரெக் லீவு. புதிதாக ஒரு பிராக்கெட். தட்டையான அடித்தகடு, இரண்டு பக்கமும் காது மாதிரி நிற்கும் இரண்டு தகடுகள். ஒரு காதில் மட்டும் நீளமாக ஓர் ஓட்டை போடவேண்டும். மனுவேல் முதல் துண்டை வலது காதில் ஓட்டை போட்டு நீட்டினார்.

நான் டிராயிங்கைப் பார்த்தேன். இடது காதில் இருக்கவேண்டும் என்று தோன்றியது. மறுபடி பார்த்தேன். சந்தேகமே இல்லை.

இங்கே கொஞ்சம் விளக்கவேண்டும். ஒரு பொருளை முன்னால், மேலே, பக்கவாட்டில் என்று மூன்று இடத்தில் நின்று பார்த்து ஒரே தாளில் மூன்று படமாக வரைவோம். எந்தப் படத்தை எங்கே வைப்பது என்பதில் நாட்டுக்கு நாடு வழக்கம் வேறு. நம் கல்லூரிகளில் வலப்பக்கம் நின்று பார்த்ததை இடப்பக்கம் வரையச் சொல்லித் தருவார்கள். வலப்பக்கமிருந்து டார்ச் அடித்தால் நிழல் இடப்பக்கச் சுவரில்தானே விழும், அந்தக் கணக்கு. இங்கே வலப்பக்கம் பார்த்ததை வலப்பக்கமே வைப்பார்கள். எந்த முறை என்று காட்டத் தாளின் மூலையில் கூம்பு மாதிரி ஒரு சின்னப் படம் இருக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியாதது இல்லை. இங்கே முதல் பருவத்திலேயே சொல்லிக் கொடுத்துப் பரீட்சையும் வைத்தார்கள். எண்பத்தெட்டு மார்க் வாங்கினேன். ஆனால் முதல் வருடம் முழுக்க மினி டிராஃப்டர் என்ற வரைகருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு செஞ்சியிலிருந்து விழுப்புரம் பஸ்ஸில் தொங்கிப் போய்ப் படித்த படம் கண்ணில் ஊறியிருந்தது. அவசரத்தில் கண் ஊர்ப்பழக்கத்துக்குப் போய்விட்டது. வேறொரு வழியிலாவது பிடிபட்டிருக்கலாம். முன்பக்கப் படத்தில் மறைவாக இருப்பதைக் காட்டும் புள்ளிக்கோடு போடாமல் விட்டிருந்தார்கள்.

ஓட்டை தப்பான பக்கம் இருக்கிறது என்று மனுவேலிடம் சொன்னேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தாளைக் கிட்டத்தில் பார்த்தார். தனக்குச் சரியாகத்தான் தெரிகிறது என்றார். நான் பென்சிலை எடுத்து விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன். அந்தத் தப்பை விளக்கிய அளவுக்குத் தெளிவாக நான் அதற்குப் பிறகு எதையும் விளக்கியதில்லை.

அவர் தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "இதற்காகப் பள்ளிக்கூடம் போனவள் நீ. என்னிடம் கை மட்டும்தான் இருக்கிறது" என்றார். துண்டைப் பிடித்திருந்த ஃபிக்சரைத் திருப்பிப் போட்டு, வேலைச்சீட்டில் கையெழுத்துப் போட்டு, சாயங்காலத்துக்குள் இருபத்தாறு பிராக்கெட்டை முடித்தார். கிரெக் வந்து பாராட்டுவார் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

5

மறுநாள் பத்து மணிக்குப் பொருத்தும் பிரிவிலிருந்து ஆள் வந்தான். ஒரு பிராக்கெட்கூடப் பொருந்தி உட்காரவில்லை என்றான். கிரெக் சத்தம் போடும் ஆள் இல்லை. வேலைச்சீட்டைப் பார்த்தார், மனுவேலைப் பார்த்தார், எப்படி நடந்தது என்று கேட்டார். மனுவேல் தோளைக் குலுக்கி, தப்பாகப் பார்த்துவிட்டேன் என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

அப்போதுதான் தாளின் மூலையில் அந்தக் கூம்பைப் பார்த்தேன்.

மனுவேலுக்கு அந்த வருடம் ஏற்கெனவே ஓர் எச்சரிக்கைக் கடிதம் இருந்தது. முதுகுவலியால் வேலை தாமதமானதற்குக் கொடுத்தது. இரண்டாவது கடிதம் வந்தால் மெஷினிலிருந்து எடுத்துப் பாரம் ஏற்றும் பகுதிக்குப் போட்டுவிடுவார்கள் என்று பக்கத்து மெஷின்காரர் சொன்னார். ஐம்பத்தெட்டு வயதில், அந்த முதுகோடு. கடிதம் வெள்ளிக்கிழமை கொடுக்கப்படும். அதே வெள்ளிக்கிழமைதான் எனக்குப் பாதிக்கால மதிப்பீடு. கிரெக் என்னைப் பற்றிப் படிவம் நிரப்பிக் கல்லூரிக்கு அனுப்பவேண்டிய நாள்.

சொன்னால் என் பதினாறு வாரமும் போகலாம். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. தாளில் என் எழுத்து எங்கேயும் இல்லை, மனுவேலும் வாயைத் திறக்கப்போவதில்லை.

மூன்று மணி இடைவேளையில் நான் செய்தது இதுதான். இயந்திரத்தில் காசு போட்டு மனுவேலுக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்தேன், இரண்டு சர்க்கரை போட்டு. "தேங்க்யூ எலு" என்று வாங்கிக் குடித்தார்.

6

சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டுக்குப் போன் செய்தேன். செஞ்சியில் அப்போது விடிகாலை ஐந்தரை. நைனா மண்டிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்.

"சாப்டியா மா?" என்றார். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். பிறகு, ஏன் கேட்கிறேன் என்று தெரியாமலே, மண்டியில் நெல் கலந்துபோன விஷயத்தைக் கேட்டேன்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது நடந்தது அது. வல்லத்துக்காரர் ஒருவரின் பொன்னியும் அனந்தபுரத்துக்காரர் ஒருவரின் குண்டு நெல்லும் ஒரே நாளில் வந்திருந்தன. மண்டியின் கணக்குப்பிள்ளை சீட்டைப் பார்த்துப் படிக்கப் படிக்க, நைனா மூட்டையைக் குவியலில் கொட்டவேண்டும். ஒரு மூட்டையைப் பிரித்ததும், இது வேறு நெல்லாக இருக்கிறதே என்று நைனா கேட்டிருக்கிறார். எழுதியிருப்பதைத்தான் படிக்கிறேன், நீ கொட்டு என்று பதில் வந்திருக்கிறது. கொட்டிவிட்டார். இரண்டு விவசாயிகளும் சண்டைக்கு வந்தபோது, கொட்டியது ஏழுமலைதான் என்று மண்டிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். கணக்குப்பிள்ளை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், வாயே திறக்கவில்லை. பன்னிரண்டு நாள் நைனாவை மண்டிக்குள் விடவில்லை. அந்தப் பன்னிரண்டு நாளும் அவர் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் கோட்டைப் பக்கம் போய் உட்கார்ந்திருந்துவிட்டு வருவார். படிச்சவன் சொன்னா நாம இன்னா பண்ணுவோம் என்று அம்மாவிடம் ஒரே ஒரு தடவை சொன்னது என் காதில் விழுந்தது. நான் படிக்கவேண்டும் என்று வெறி வந்தது அன்றைக்குத்தான்.

"அந்தக் கணக்குப்பிள்ளை அப்புறம் உன்கிட்ட எதுனா சொன்னாரா நைனா?"

"இன்னா சொல்லுவாரு? திரும்பி வேலைக்குப் போன அன்னிக்கு டீ வாங்கிக் குடுத்தாரு."

"நீ இன்னா பண்ண?"

"குடிச்சேன். இன்னா பண்றது" என்றார். பிறகு மண்டிக்கு நேரமாகுது என்று வைத்துவிட்டார்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். எந்த ஆளைப் போல ஆகக்கூடாது என்று படித்தேனோ, அந்த ஆளாகவே ஆகி, காபியும் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். ஹர்ப்ரீத்திடம் சொன்னேன். அவள் நல்லவள்தான், ஆனாலும் பயந்துபோய், சொல்லாதே, உனக்கு இன்னோர் இடம் கிடைக்காது என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் என் மனசு அதற்குள் முடிவெடுத்துவிட்டது.

7

காலையில் கிரெக் வருவதற்கு முன்பே அவர் அறை வாசலில் நின்றேன். வரும் வழியில் பஸ்ஸில் மனப்பாடம் செய்த ஆங்கிலம் எல்லாம் மறந்துபோய்விட்டது. டிராயிங்கை மேஜையில் வைத்து, கூம்பின் மேல் விரலை வைத்து, நான்தான் மனுவேலைத் திருப்பிப் போடச் சொன்னேன், அவர் முதலில் சரியாகத்தான் செய்தார் என்றேன். இதை மனுவேல் ஏன் சொல்லவில்லை என்று கிரெக் கேட்டார். அது அவரைத்தான் கேட்கவேண்டும் என்றேன். கடைசியில் "சார்" என்று சேர்க்க மறந்துவிட்டேன். முதல் தடவையாக.

அவர் ஒரு படிவத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். வீணான பொருளுக்கான படிவம். என்ன, எத்தனை, எதனால், யாரால். 'யாரால்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. பேட்ஜில் இருப்பதுபோலவே எழுதவேண்டும் என்றார். பேட்ஜில் இருப்பது என் பெயர் இல்லை.

செய்யாத தப்புக்கு ஒரு தடவை கெட்டுப்போன பெயர் அது. இப்போது கடல் தாண்டி வந்து நான் செய்த தப்புக்கும் அதையே எழுதவேண்டும். எழுதினேன். எழுத்து கோணாமல், பெரிதாக.

கிரெக் மனுவேலின் கடிதத்தை இரண்டாகக் கிழித்துக் குப்பையில் போட்டார். என் படிவத்தில் வேலையின் தரம் என்ற இடத்தில் கடைசிக்கு முந்தின கட்டத்தில் டிக் போட்டார். அதை என் கண்ணெதிரே போட்டதற்கு அவர்மேல் எனக்கு மரியாதைதான். மீதி வாரங்களுக்கு என்னை அலுவலகத்தில் லேபிள் ஒட்டும் வேலைக்கு மாற்றிவிடலாம், அங்கே தப்பு நடக்க வழியில்லை, பருவமும் தேறிவிடும் என்று நல்ல மனசோடுதான் சொன்னார்.

வேண்டாம் என்றேன். அதே மெஷினில், மனுவேலோடு இருக்கிறேன், தேறாவிட்டால் மறுபடி எழுபத்து மூன்று விண்ணப்பம் போட்டுக்கொள்கிறேன் என்றேன். லேபிள் ஒட்டுவதற்கு நான் செஞ்சியிலிருந்து வரவில்லை. அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

8

மனுவேல் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் முதல் துண்டை நீட்டும்போது, டிராயிங்கின் மூலையில் தன் தடித்த விரலை வைத்தார். நான் என் விரலை வைத்துக் கூம்பைப் பார்த்து, எந்த முறை என்று வாய்விட்டுச் சொன்னேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வேலைக்கும் அப்படித்தான். விரல் வைக்காமல் அவர் மெஷினை ஓட்டமாட்டார். புரியாததைக் கேட்க ஆரம்பித்தேன், ஒரே விஷயத்தை மூன்று தடவைகூட. கல்லூரியில் கூப்பிட்டு விசாரித்தார்கள், எச்சரித்தார்கள், கடைசி வாரத்துப் படிவத்தைப் பார்த்துவிட்டுத் தேற விட்டார்கள். ஹர்ப்ரீத்துக்கு 'மிகச் சிறப்பு'. போல்ட் எண்ணிக்கையில் ஒன்றுகூடத் தப்பில்லையாம். எனக்கு 'திருப்தி'. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

கடைசி நாள் மனுவேல் ஒரு துணியில் சுற்றி ஒன்றைக் கொடுத்தார். இருபத்தாறில் இருபத்தைந்து பழைய இரும்புக்குப் போயிருந்தது. ஒன்றை ஒளித்து வைத்து, பின்பக்கம் எழுத்துக் குத்தி, பேட்ஜில் இருந்த பெயரை அடித்திருந்தார். கிண்டலா மரியாதையா என்று கேட்டேன். இரண்டும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை செஞ்சிக்கு வீடியோ போன் போட்டேன். அங்கே சாயங்காலம். நைனா இப்போது மூட்டை தூக்குவதில்லை, முழங்கால் விடுவதில்லை. நான் பேசத் தொடங்குவதற்குள் இனியா பிராக்கெட்டை கேமராவுக்கு நேரே நீட்டிவிட்டாள். "தாத்தா, உங்க பேரு. நீங்களா மேக் பண்ணீங்க?"

"நானா? நான் எங்கம்மா இரும்பு செஞ்சேன்?" என்று சிரித்தார்.

இனிமேல் மறைக்க ஒன்றுமில்லை. சொன்னேன். வலது காது, இடது காது, படிவம், யாரால் என்ற கட்டம், காபி எல்லாம். கணக்குப்பிள்ளையின் டீயைப் பற்றி அன்றைக்கு எதற்குக் கேட்டேன் என்பதையும் சொன்னேன். இனியா ஒரு வார்த்தை ஆங்கிலம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நைனா திரைக்குக் கிட்டே வந்தார்.

"அந்தாளுக்கு வேலை போச்சா?" என்று கேட்டார்.

"போகல நைனா. அறுபத்தஞ்சு வரைக்கும் அதே மெஷின்லதான் இருந்தாரு."

"அப்பச் சரி" என்றார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என் பேர நீ எங்க வேணா எழுதிக்கோ."

பிறகு பேத்தியைக் கூப்பிட்டு, சுவரில் எந்த ஸ்க்ரூ போட்டிருந்தீர்கள், காட்டு என்றார். அவள் காட்டினாள். இது பத்தாது, இதைவிட நீளமாகப் போட்டு முறுக்கு என்றார். கடைக்குப் போய் நீள ஸ்க்ரூ வாங்கிவந்து, இனியாவே முறுக்கினாள். பெயர் தெரிகிற பக்கம் வெளியே இருக்கும்படி.